வேகம் மாறும், வேகம் மாறாது: சித்தூர், திருப்பதி எல்லைப்புற அறிவியல் ஆசிரியர்களின் பயிற்சி குறித்து

வட்டப்பாதையில் சீராகச் சுழலும் ஒரு பொருளின் வேகம் மாறுமா, மாறாதா? தமிழ்ப் பாடநூலைக் கேட்டால், வேகம் மாறாது, திசைவேகமே மாறும் என்று சொல்லும். தெலுங்குப் பாடநூலைக் கேட்டால், வேகம் மாறும், 'வடி'தான் மாறாது என்று சொல்லும். இரண்டு விடைகளும் சரியானவையே. தமிழ் எதை வேகம் என்கிறதோ அதைத் தெலுங்கு 'வடி' என்கிறது. தமிழில் திசைவேகம் எனப்படுவது தெலுங்கில் 'வேகம்' எனப்படுகிறது.

ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ்வழியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சி பற்றி எழுத நினைத்தபோது எனக்கு முதலில் தோன்றிய எடுத்துக்காட்டு இது. பயிற்சி பெரும்பாலும் தெலுங்கில் நடக்கிறது. பாடம் தமிழில் நடக்கிறது. இடையில் உள்ள பாலத்தை ஆசிரியர் தன்னந்தனியாகக் கட்டிக்கொள்கிறார். அப்படி ஒரு பாலம் தேவைப்படுகிறது என்பதே பயிற்சியைத் திட்டமிடுவோரின் கவனத்துக்கு வருவதில்லை.

வேகம் மட்டுமன்று. தெலுங்கில் 'பரமாணுவு' என்பது நம் அணு. 'அணுவு' என்பது நம் மூலக்கூறு. 'மூலகம்' என்பது நம் தனிமம். தெலுங்கு உயிரியலில் 'கணம்' என்றால் செல், இயற்பியலில் அதே சொல் துகளைக் குறிக்கும். தமிழ்க் கணக்குப் பாடத்திலோ கணம் முற்றிலும் வேறு பொருள் தருவது. மொழியியலில் இத்தகைய சொற்களைப் போலி நட்புச் சொற்கள் என்கிறோம். முற்றிலும் அறியாத சொல் நம்மைத் தடுத்து நிறுத்தும். அகராதியைப் பார்க்க வைக்கும். 'த்வரணம்' என்ற தெலுங்குச் சொல்லைக் கேட்ட தமிழாசிரியர் அது முடுக்கம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் நகர்வார். 'அணுவு' அவரை நிறுத்தாது. தெரிந்த முகத்தோடு வந்து, தெரியாத பொருளை விட்டுச் செல்லும்.

எந்த மொழியின் வழக்குச் சரி என்ற வாதத்துக்கு இங்கு இடமில்லை. பரமாணு, அணு என்ற பாகுபாட்டை இந்தியும் கன்னடமும்கூடத் தெலுங்கைப் போலவே கையாள்கின்றன; தமிழகம் வேறு வழியில் சென்றது. தமிழுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தனிமம் என்பது மூலகம்; வேகம் என்றால் நம் திசைவேகம். தமிழகத்தில் நிறை என்று சொல்வதை அங்கே திணிவு என்பர். அவர்கள் நிறை என்பது நம் எடை. கலைச்சொல் என்பது ஓர் உடன்பாடு. எந்த உடன்பாட்டுக்குள் நிற்கிறோம் என்பதை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே செய்தி.

சத்தியவேடு வட்டாரத்தில் பணியாற்றும் அறிவியல் ஆசிரியர் ஒருவருடன் அண்மையில் நெடுநேரம் உரையாடினேன். பயிற்சிகளை அவர் வெறுப்பவரல்லர். குழுச்செயல்பாடு, குறைந்த செலவில் செய்யும் சோதனைகள் ஆகியவற்றை அங்குதான் கற்றதாகச் சொன்னார். அவருடைய வருத்தம் வேறு. மாணவரின் முன்னறிவிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் கருத்தாளர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆனால் பயிற்சிக்கு வந்திருக்கும் ஆசிரியரின் முன்னறிவு எந்த மொழியில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை என்றார். வகுப்பில் சில மாணவர்கள் வீட்டில் தெலுங்குவழியில் படித்த அண்ணன், அக்காவிடம் பாடம் கேட்டுவருகிறார்கள்; ஆக்சிஜன் அணு ஒன்றில் இரண்டு பரமாணுக்கள் உள்ளன என்று எழுதுகிறார்கள். அதற்கு மதிப்பெண் தருவதா, தவறென்று கோடிடுவதா? எந்தப் பயிற்சியும் தமக்கு இதற்கு விடை சொன்னதில்லை என்று அவர் சொன்னபோது, என்னிடமும் உடனடி விடை இல்லை. அந்த மாணவருக்கு அறிவியல் தெரிந்திருக்கிறது. அவர் எழுதியது தெலுங்கில் சரி, தமிழில் தவறு.

இந்தப் பள்ளிகள் எப்படி இங்கு வந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. வட ஆர்க்காட்டின் சில பகுதிகள் அதில் சேர்ந்தன. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் 1 முதல் எல்லை மாற்றியமைக்கப்பட்டது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சத்தியவேடு அதற்குள் சென்றது. நகரியும் குப்பமும் சித்தூரிலேயே தங்கின. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கோடுகள் நகர்ந்தன. தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்பதற்கான வசதிகளை மாநிலங்கள் செய்துதர முயல வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் 350ஏ உறுப்பு கூறுகிறது. பள்ளியும் பாடநூலும் இருந்தால் அந்த வசதி நிறைவுற்றதாகக் கருதிவிடுகிறோம். ஆசிரியரின் பயிற்சியும் அதில் ஒரு பகுதி அல்லவா?

பயிற்சிக்குப் பஞ்சமில்லை. 2019இல் தொடங்கிய நிஷ்டா திட்டம் நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களை இலக்காகக் கொண்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணிநேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. மணிநேரத்தை எண்ணுவது எளிது. வருகைப் பதிவேடும் சான்றிதழும் போதும். அந்த 50 மணிநேரத்தில் ஒரு மணியாவது தம் வகுப்பறைச் சொற்களைப் பற்றிப் பேசக் கிடைத்ததா என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. பாடப்பொருள் அறிவும் கற்பிக்கும் முறையும் தனித்தனியே நிற்பவையல்ல, இரண்டும் கலந்த ஓர் அறிவே ஆசிரியருக்கு உரியது என்று லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். இருமொழிச் சூழலில் அந்தக் கலவையின் மூன்றாவது கூறாக மொழியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. ஆசிரியர்கள் பயிற்சியில் சோதனைகளைத் தாங்களே செய்தனர். மாதந்தோறும் கூடி, வகுப்பில் எங்கே தடுமாறினோம் என்று பேசினர். மாணவருக்கான நூல்கள் எளிய இந்தியில், கலைச்சொற்களை அள்ளிக் கொட்டாமல் எழுதப்பட்டன. 2002இல் அரசு அதை நிறுத்தியது. ஆனால் முப்பது ஆண்டு அனுபவம் நம்முன் இருக்கிறது.

சித்தூர் மண்ணிலேயே இன்னொன்று உண்டு. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் உருவான அட்டைவழிக் கற்றல் முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் நேரில் சென்று கண்டு, 2003 முதல் தமிழில் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்டனர். பின்னர் அது செயல்வழிக் கற்றலாகத் தமிழகம் முழுவதும் பரவியது. அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்த ஒரு கிராமத்தின் கற்பித்தல் முறை சென்னைக்கு வந்து தமிழ் பேசியது. திருப்பதியிலும் சித்தூரிலும் நடக்கும் பயிற்சி சத்தியவேட்டுக்கும் நகரிக்கும் தமிழில் போய்ச்சேர முடியாதா?

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, ஆந்திரத்தில் வாழும் ஆசிரியர்களுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியுமே என்பது. உண்மை. நன்றாகத் தெரிவதால்தான் சிக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'அணுவு' என்று கேட்டதும் தயங்காமல் அணு என்று எழுதிக்கொள்ளும் அளவுக்கு இரு மொழிகளும் அவர்களுக்குப் பழக்கம். இரண்டாவது, எல்லாம் ஆங்கிலவழிக்கு மாறப்போகிறது, இனி இது எதற்கு என்பது. பாடநூல் எந்த மொழிக்கு மாறினாலும், புரியாத மாணவரிடம் ஆசிரியர் குனிந்து சொல்லும் விளக்கம் வீட்டுமொழியில்தான் இருக்கும். வெலாசிட்டி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அதை வேகம் என்று விளக்கினால், குழப்பம் இரண்டு மொழிகளிலிருந்து மூன்றுக்குப் பெருகும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அறிவியலில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலச் சொற்களை அருகருகே வைத்து, போலி நட்புச் சொற்களைத் தனியே குறித்த ஒரு சிறு கையேடு வேண்டும். 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இதைச் செய்வதற்குப் பொருத்தமான இடம். பள்ளிகளைக் குழுக்களாக்கி ஆசிரியர்களைக் கூட்டும் ஸ்கூல் காம்ப்ளெக்ஸ் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மண்டல எல்லையைத் தாண்டித் தமிழ்வழி அறிவியல் ஆசிரியர்கள் மட்டும் கூடும் அமர்வு ஒன்றை அதில் சேர்க்கலாம். கருத்தாளர்களில் ஒருவராவது தமிழ்வழியில் கற்பித்த அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தெலுங்குவழியில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் தமிழக அரசும் இதே கடமைப்பட்டிருக்கிறது. அங்கே இதே படிக்கட்டு தலைகீழாக இருக்கிறது.

எல்லைப்புறப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், வகுப்பில் நீங்கள் எதிர்கொண்ட இத்தகைய சொற்களைக் கீழே எழுதுங்கள். அரசு தொகுக்கும்வரை காத்திராமல் நாமே ஒரு பட்டியலைத் தொடங்கலாம். முதல் பதிவாக ஐந்து சொற்களை நான் மேலே தந்துவிட்டேன்: வேகம், அணு, பரமாணு, மூலகம், கணம்.