ஆயிரத்தில் ஓர் இழை

எங்கள் முள்ளிப்பட்டில் பட்டுப் புடவைக்குப் பாவு பூட்டினால் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நடுவில் ஒன்று அறுந்தால், 'ஆயிரத்துல ஒண்ணுதானே, போகட்டும்' என்று எந்த நெசவாளியும் மேலே நெய்ய மாட்டார். தறியை நிறுத்தி, அறுந்ததைத் தேடிப் பிணைத்துவிட்டுத்தான் மறு வேலை.

டாக்டர்களிடமும் ஓர் ஆயிரத்தில் ஒன்று கணக்கு இருக்கிறது. சுமார் 1,000 கர்ப்பங்களுக்கு ஒன்றில், கர்ப்ப காலத்திலோ பிரசவமான ஒரு வருஷத்துக்குள்ளோ தாய்க்குப் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. நமக்கு பி.காம். புத்தி, உடனே பெருக்கிப் பார்க்கும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு ஒன்பது லட்சம் பிரசவம். இதே விகிதம் என்றால் 800, 900 பேர். நாளைக்கு இரண்டு பேருக்கு மேல்!

"இதையெல்லாம் லேடீஸ் பத்திரிகையில எழுதுங்க சார்" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். விஷயமே உங்களுக்குத்தான். மனைவி கர்ப்பம் என்றதும் குங்குமப்பூ வாங்குகிறோம், பெயர் தேடுகிறோம், பிறக்காத பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட் விசாரிக்கிறோம். அவள் "மார்புல ஏதோ கட்டி மாதிரி இருக்குங்க" என்றால் மட்டும், "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று நமக்கே தெரியாத வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறோம். குழந்தை பிறந்த பிறகு என்றால் அத்தை முந்திக்கொண்டு, "பால் கட்டிக்கிச்சு" என்பார். பெரும்பாலும் அத்தை சொல்வது சரியாகவே இருக்கும். சிக்கலே அங்கேதான். களைப்பு, ரத்தப்போக்கு, கட்டி எல்லாவற்றுக்கும் கர்ப்பம் ஒரு ரெடிமேட் காரணமாகிவிடுகிறது. அதற்குள் மார்பகம், கர்ப்பப்பை வாய், ரத்தம், தைராய்டு என்று எங்கோ இருக்கும் நோய் சில மாதங்களைத் தின்றுவிடுகிறது.

கண்டுபிடித்தால் தாயா பிள்ளையா என்று சினிமா டாக்டர் மாதிரி கேட்பார்களோ? அந்தக் காலம் மலையேறிவிட்டது. முதல் மூன்று மாதம் தாண்டியதும் பல புற்றுநோய் மருந்துகளைக் கொடுக்க முடிகிறது. பெல்ஜியம் டாக்டர் அமண்ட் குழுவினர், வயிற்றில் இருந்தபோது தாய்க்குப் புற்றுநோய் இருந்த 129 குழந்தைகளைப் பரிசோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான தாய்மாருக்குக் கர்ப்பத்திலேயே மருந்து ஏறியிருந்தது. ஆனாலும் குழந்தைகளின் இதயமும் அறிவு வளர்ச்சியும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தன.

கர்ப்பத்திலிருந்தே முளைக்கும் புற்றுநோயும் ஒன்று உண்டு. கரு சரியாக உருவாகாமல், நஞ்சுக்கொடி மட்டும் முத்து முத்தாக ஊதிப் பெருகுவதை நம்மூரில் 'முத்துப்பிள்ளை' என்பார்கள். சுத்தம் செய்த பிறகும் சிலருக்கு அது உள்ளே தங்கி வளர்ந்து புற்றாகலாம். ஒரு காலத்தில் அது நுரையீரல்வரை பரவினால் பிழைப்பது அபூர்வம்.

அதை மாற்றிய மருந்தில் மெட்ராஸுக்கும் பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த பீமவரத்துக்காரர் எல்லப்பிரகட சுப்பாராவ். கதர் உடையில் ஆபரேஷன் வகுப்புக்குப் போய் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். நழுவி எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. பிறகு அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையிலான குழுவிடமிருந்து வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். 1948-ல் அவர் இறந்துவிட்டார். 1956-ல் மின் சியூ லீ என்ற டாக்டரும் சகாக்களும் அதே மருந்தால் இந்தப் புற்றைக் குணமாக்கியதை எழுதினார்கள். மருந்தால் மட்டுமே குணமான முதல் புற்றுக்கட்டி அதுதான்.

கட்டி மறைந்த பிறகும், ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. இருக்கிறவரை லீ விடாமல் மருந்து கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை காட்டுகிறதே, அதே ஹார்மோன். "அளவுக்கு மீறிக் கொடுக்கிறான்" என்று அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். சரி என்று பின்னால் தெரிந்தது; 1972-ல் லாஸ்கர் விருதும் வந்தது.

இன்றும் வழி அதுதான். முத்துப்பிள்ளை என்றால் அந்த ஹார்மோன் இறங்கும்வரை வாரா வாரம், பிறகு சில மாதம் ரத்தப் பரிசோதனை. டாக்டர் சொல்லும்வரை அடுத்த குழந்தை வேண்டாம். விடாமல் பார்த்து ஆரம்பத்திலேயே பிடித்தால் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள். பாதியில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் ஆபத்து. நிறுத்துவதற்கான காரணம் பல வீடுகளில் ஒன்றே: "அவருக்கு லீவு கிடைக்கலை."

கிரிக்கெட் மேட்சுக்காக எத்தனை பாட்டிகளைச் சாகடித்து லீவு வாங்கியிருப்பீர்கள்! ஒரு தடவை உண்மைக் காரணத்தை எழுதுங்கள்: 'மனைவிக்குப் பரிசோதனை.' மேனேஜர் அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்.