பூவுக்கு விலை உண்டு, கைக்குக் கூலி?

கூலி என்ற சொல்லுக்குச் சோமனூரில் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். நெய்து கொடுப்பவருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அறிவித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்ட ஊரில், கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்பவர்களின் கூலியை மட்டும் நாம் கண்டுகொள்வதே இல்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து.

எனக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீதியில் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், இந்தத் தொழிலைத் தொடங்கியிருக்கிறாள். நான் ஆபீசில் பில் செக்‌ஷனில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஐயா, வேலை நெறைய வருதுங்க, கையில காசு நிக்க மாட்டேங்குதுங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்தேன். அதில் பூ இருந்தது, துணி இருந்தது, வண்டி வாடகை இருந்தது, வேலைக்கு வந்த பையன்களின் சம்பளம்கூட இருந்தது. அவளுடைய கூலி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவளுடைய நோட்டை இங்கே விரித்து வைப்பது முறையல்ல. அதனால் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு மேடைக்குப் பூ 15,000 ரூபாய். சட்டம், துணி, விளக்கு வாடகை 6,000. வண்டி 3,000. இரவு வேலைக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஆயிரம் என்று 5,000. ஆக மொத்தம் 29,000. அவள் கேட்டது 40,000. பேரம் பேசி 32,000-க்கு முடிக்கிறார்கள். மீதி 3,000. மண்டபத்தை இரண்டு முறை போய்ப் பார்த்தது, படம் போட்டுக் காட்டியது, இரவில் கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில் நின்று பூ பொறுக்கியது, விடிய விடிய ஏணியில் நின்றது, கல்யாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துக் குப்பையை அள்ளியது, எல்லாம் அந்த 3,000-க்குள்.

அதுவும் நிச்சயமில்லை. பெரிய முகூர்த்த நாளென்றால் எல்லா மண்டபத்துக்கும் ஒரே நாளில் பூ வேண்டும். பனிக் காலத்தில் மல்லி வரத்துக் குறைந்துவிடும். சத்தியமங்கலத்தில் பூ ஏலத்தில்தான் போகிறது. நேற்றைய விலையை நம்பி நாளைக்குப் பேச முடியாது. மேலே சொன்ன கணக்கில் பூ மட்டும் 5,000 ரூபாய் ஏறினால் போதும், அவள் 2,000 ரூபாய் கைக்காசு போட்டு அடுத்த வீட்டுக் கல்யாணத்தை நடத்தி வைத்தவள் ஆகிறாள். மொய் எழுதாத மொய்!

பொதுப்பணித் துறை மதிப்பீட்டுக்கான விலைப் பகுப்பாய்வை எடுத்துப் பாருங்கள். சிமெண்டு ஒரு வரி, மணல் ஒரு வரி, கொத்தனார் கூலி ஒரு வரி. மூன்றையும் கலந்து யாரும் எழுதுவதில்லை. வீடு கட்டும்போது கொத்தனாரிடம், சிமெண்டு காசு தருகிறேன், கட்டினதுக்கு எதற்குக் காசு என்று நாம் கேட்பதில்லை. தையற்காரரிடமும் கேட்பதில்லை. பூ அலங்காரம் செய்யும் பெண்ணிடம் மட்டும், "பூ என்ன வெலைங்க, மார்க்கெட்டுல இவ்வளவுதானே?" என்று கேட்கிறோம்.

காரணம் இருக்கிறது. பூத் தொடுப்பது நம் வீட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சும்மா செய்த வேலை. சும்மா செய்த வேலைக்கு நம் மனத்தில் விலை ஏறுவதில்லை. ஆனால் பூவின் மதிப்பு பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது என்பதற்குத் தோவாளையே சாட்சி. கன்னியாகுமரி மாவட்டத்தில் கட்டுகிற மாணிக்க மாலை என்ன பூவில் ஆகிறது? வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவில் பச்சைக்கு நொச்சி இலை. மூன்றும் விலை உயர்ந்த சரக்கு இல்லை. அதை மடித்து மடித்துப் பாய் போலக் கட்டும்போது மாணிக்கம் பதித்த மாதிரி தெரிகிறது. அதற்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. மல்லிக்குக் கிடைத்தது மண்ணுக்கும் பூவுக்குமான பெருமை. மாணிக்க மாலைக்குக் கிடைத்தது கைக்கான பெருமை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டனில் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற அம்மையார் 1929-ல் பூ அலங்காரக் கடை திறந்தார். ரோஜாவோடு கோஸ் இலையையும், வேலியோரத்துச் செடியையும், காய்ந்த கிளையையும் சேர்த்து வைத்தார். பணக்காரர்கள் அதற்கும் பணம் கொடுத்தார்கள். வேலிச் செடிக்கா கொடுத்தார்கள்? அவருடைய கண்ணுக்கும் கைக்கும் கொடுத்தார்கள். 1953-ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்தவரும் அவரே.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் இந்தத் தொழில் செய்பவரை 'ஃப்ளூரிஸ்த்' என்பார்கள். அங்கே அதற்கு அரசாங்கத்தின் தொழிற்சான்றிதழ் உண்டு. நாட்டின் தலைசிறந்த கைவினைஞர் என்று போட்டி வைத்துப் பட்டம் கொடுக்கிறார்களே, அதில் பூ அலங்காரமும் ஒரு பிரிவு. நம் மொழியில் இருக்கிற சொல் 'பூக்காரி'. அந்தச் சொல்லில் குறை எதுவும் இல்லை. அதைச் சொல்லும்போது நம் குரலில்தான் மரியாதை குறைகிறது. நம் நாட்டிலும் மத்திய அரசு 2023-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 கைத்தொழில்களில் மாலை கட்டுவதும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் அரசியல் வேறு பேச்சு. கைத்தொழில் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டது, நம் மனத்தில்தான் ஏறவில்லை.

பெண்ணைப் பெற்றவர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "நாலு மணி நேரத்துல வாடிப் போறதுக்கு இத்தனை காசா?" நியாயமான கேள்விதான். செலவைக் குறையுங்கள், தப்பில்லை. மேடையைச் சிறிதாக்குங்கள். கார்னேஷன், ஜெர்பரா வேண்டாம், செவ்வந்தியும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் போதும் என்று சொல்லுங்கள். ஆனால் வேலையைக் குறைக்காமல் கூலியை மட்டும் குறைக்காதீர்கள்.

தொழில் செய்பவர்கள் பக்கமும் குறை இருக்கிறது. மொத்தமாக ஒரு தொகை சொன்னால், கேட்பவருக்கு இதில் எவ்வளவு கொள்ளை என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பில்லை மூன்றாகப் பிரித்து எழுது: பூ, கூலி, வண்டியும் சாமானும். கூலியில் உன் பெயரை முதலில் எழுது. பூ விலை அன்றைய மார்க்கெட் விலைப்படி ஏறும் இறங்கும், கூலி மாறாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் பூ வாங்கப் போகாதே. ஆடியும் மார்கழியும் வரும், கல்யாணம் இருக்காது. அதற்கென்று ஒவ்வொரு முகூர்த்தத்திலும் கொஞ்சம் தனியாக எடுத்து வை. மறுபடி மறுபடி வாடகைக்கு விடலாம் என்று பிளாஸ்டிக் பூவுக்குப் போகாதே. அதைக் கட்ட உன் கை தேவையில்லை, நாளைக்கு யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்.

"கூலின்னு எழுதினா வேற ஆளுகிட்ட போயிருவாங்களேங்க ஐயா" என்றாள். சிலர் போவார்கள். அதை என்னால் மறுக்க முடியவில்லை. அவள் ஒருத்தி மட்டும் எழுதினால் நஷ்டம் அவளுக்குத்தான். ஊரில் அலங்காரம் செய்பவர்கள் எல்லோரும் எழுத வேண்டும், கேட்பவர்களும் அதை மதிக்க வேண்டும். தறிக்காரர்கள் ஒன்றாக நின்றுதான் கூலி கேட்டார்கள், ஒற்றைத் தறியை நிறுத்தி யாரும் கேட்கவில்லை.

என் வயதுக்காரர்களாகிய உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பேத்தி கல்யாணத்துக்கு மண்டபம் பேசுவதும் பேரம் பேசுவதும் பெரும்பாலும் நம் பொறுப்பில்தான் இருக்கிறது. பூ விலையில் தாராளமாகப் பேரம் பேசுங்கள். கூலி என்று எழுதிய வரிக்கு வரும்போது பேனாவை மூடி வைத்துவிடுங்கள். மீதிப் பணத்தை, "கண்ணாலம் முடிஞ்சு ஒரு வாரம் களிச்சு வா கண்ணு" என்று சொல்லாமல், மொய்ப் பையைக் கட்டுவதற்கு முன்னால் எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.