எச்சரிக்கை விளக்கும் இரண்டு எண்களும்

கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊர் சென்றுவரும் குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. புறப்படும் வாரத்தில் 'செக் என்ஜின்' விளக்கு மஞ்சளாய் எரியத் தொடங்கினால் உண்டாகும் கலக்கம் சொல்லுந்தரமன்று. பணிமனையில் ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பவர், "பி 0171 என்று வருகிறது; ஆக்சிஜன் சென்சாரை மாற்றவேண்டும்" என்பார். பாஷை போதாத ஊரில் நாமும் தலையசைத்து விடுகிறோம். ஆயிரக்கணக்கில் செலவழித்த நாலாம் நாள் விளக்கு மீண்டும் எரிகிறது. இத்துன்பத்தைத் தவிர்க்கும் வழியை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் அக்குறியின் பொருளை அறிதல் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுத் தேவை. கார்புரேட்டர் நீங்கிய கார்களில் இவ்விகிதத்தைக் காப்பது ஒரு சிறு கணிப்பொறி. புகைக்குழாயில் அமைந்த சென்சார், எரிந்தபின் எஞ்சிய ஆக்சிஜனை உணர்ந்து சொல்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் கணிப்பொறி இஞ்செக்டர் வழியே பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைந்தால் குறைக்கிறது. அவ்வாறு கூட்டியதையும் குறைத்ததையும் நூற்றுக்கு இத்தனை என்று குறித்தும் வைக்கிறது. அக்குறிப்பே ஃப்யூவல் டிரிம். பி 0171 என்பதற்கு, 'கூட்டிக் கூட்டிப் பார்த்தும் கலவையில் பெட்ரோல் போதவில்லை' என்பதே பொருள். சென்சார் பெரும்பாலும் செய்தி கொணர்ந்த தூதன் மட்டுமே. தூதனை வதைப்பது முறையன்று.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இரண்டு எண்கள். என்ஜின் நன்கு சூடேறியபின், ஐடிலில் ஃப்யூவல் டிரிம் எவ்வளவு? நிமிஷத்திற்கு 2,500 சுற்றில் எவ்வளவு? குறுங்கால, நெடுங்கால டிரிம்களைச் சேர்த்தே கணக்கிடவேண்டும். தொகை 10க்குள் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஐடிலில் 20 ஆக இருந்து, 2,500 சுற்றில் 4, 5 என இறங்கினால், அளவைக்குத் தப்பிய காற்று எங்கோ உட்புகுகிறது. வெடித்த ரப்பர்க் குழாயையோ மேனிஃபோல்டு கேஸ்கெட்டையோ தேடலாம். சுற்று ஏற ஏற எண்ணும் ஏறினால், பெட்ரோல் வருவதில் குறை. பம்பின் அழுத்தத்தையும் ஃபில்டரையும் சோதிக்கலாம். காற்றளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் இவ்வாறு நேரும்.

இக்கணக்கு, உட்செல்லும் காற்றை நேரே அளக்கும் கார்களுக்கே முழுதும் பொருந்தும். உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தைக் கொண்டு கணிக்கும் கார்களில், காற்றுக் கசிவு டிரிமில் தெரியாமல், ஐடில் வேகம் ஏறுவதாகவே வெளிப்படக்கூடும். இன்னொன்றும் உண்டு: 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் உடையது. ஆதலால் பழைய கார்களில் டிரிம் சில புள்ளிகள் கூடி நிற்பது இயல்பே. அதனை மட்டும் கொண்டு பழுதென முடிவு செய்யலாகாது.

விலையுயர்ந்த பகுதியை மாற்றச் சம்மதிக்குமுன், அவ்விரு எண்களையும் பில்லின் பின்புறம் எழுதித் தரும்படி கேளுங்கள். எண்ணுக்கு இந்தி, மராத்தி, வங்காளி என்ற பேதமில்லை. நேர்மையுள்ள மெக்கானிக் இதற்கு மனங்கோணார். வேலை முடிந்தபின் அவ்வெண்கள் இறங்கினவா என்று பார்த்து, அதன்பிறகே வண்டியைப் பெற்றுக்கொள்வோமாக.