சம்மன் வரும் முன்பே வக்கீலுக்குத் தகவல்! சட்ட நிறுவனங்களின் 'காம்பெடிடிவ் இன்டெலிஜென்ஸ்' என்றால் என்ன?

உங்கள் கம்பெனி மேல் ஒருவர் வழக்கு போடுகிறார். சம்மன் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் முன்பின் தெரியாத ஒரு வக்கீல் நிறுவனத்திடம் இருந்து மின்னஞ்சல்: "உங்க மேல கேஸ் விழுந்திருக்கு. மனுவைப் படிச்சிட்டோம். நாங்க நடத்தித் தரலாமா?"

அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவுக்கு இது புதுசு இல்லை. அங்கே ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு போட்டால், எதிர்த் தரப்புக்கு சம்மன் கொடுக்க 90 நாள் வரை அவகாசம் உண்டு. ஆனால் மனு தாக்கல் ஆனதுமே 'பேசர்' என்ற இணையதளத்துக்கு வந்துவிடும். பக்கத்துக்கு 10 சென்ட் கட்டினால் யாரும் படிக்கலாம். மாநில கோர்ட்டுகளில் அன்றாடம் விழும் வழக்குகளைத் தொகுத்து அனுப்பவே 'கோர்ட்ஹவுஸ் நியூஸ் சர்வீஸ்' என்ற செய்தி நிறுவனம் இருக்கிறது. அதன் வாசகர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள்தான்.

இப்படித் திரட்டுவதைத்தான் 'காம்பெடிடிவ் இன்டெலிஜென்ஸ்' என்கிறார்கள். உளவு வேலை என்று நினைக்க வேண்டாம், எல்லாமே பொதுவில் கிடைக்கும் தகவல். எந்தக் கம்பெனி எந்த வக்கீலை மாற்றியது, போட்டி நிறுவனத்தில் இருந்து எந்த பார்ட்னர் வெளியேறுகிறார், எந்த நீதிபதி ஒரு மனுவை முடிக்க எத்தனை மாதம் எடுக்கிறார் என்பதெல்லாம் இதில் அடக்கம். கடைசிக் கணக்கைப் போட்டுத் தருவதற்கே 'லெக்ஸ் மெஷினா' போன்ற மென்பொருள்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய அதை 2015-ல் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் வாங்கியது.

திருட்டுத் தகவல் என்றால் கதையே வேறு. நியூயார்க் சட்ட நிறுவனங்களின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, கம்பெனி இணைப்பு ரகசியங்களை எடுத்துப் பங்குச் சந்தையில் சம்பாதித்ததாக 3 பேர் மீது 2016-ல் அமெரிக்க அரசு வழக்கு தொடர்ந்தது.

சரி, பொதுத் தகவலைப் படிப்பதில் சாமானியருக்கு என்ன பாதிப்பு?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. அமெரிக்காவில் ஒரு வழக்கு மாநில கோர்ட்டில் நடக்கிறதா, ஃபெடரல் கோர்ட்டில் நடக்கிறதா என்பதே பல நேரம் பாதி முடிவு. பாதிக்கப்பட்டவர்கள் மாநில கோர்ட்டை விரும்புவார்கள், கம்பெனிகள் ஃபெடரல் கோர்ட்டை விரும்பும். இரு தரப்பும் வேறு வேறு மாநிலம் என்றால் வழக்கை ஃபெடரலுக்கு மாற்றக் கேட்கலாம். ஆனால் கம்பெனியின் சொந்த மாநிலத்திலேயே வழக்கு போட்டிருந்தால் மாற்ற முடியாது. அந்தத் தடைக்கு ஒரு நிபந்தனை: கம்பெனிக்கு 'சம்மன் முறையாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்'.

அப்போ சம்மன் வருவதற்கு முன்னாடியே மாற்றிவிட்டால்? அதைத்தான் செய்கிறார்கள். இதற்குப் பெயர் 'ஸ்னாப் ரிமூவல்'. கோர்ட் பதிவைத் தொடர்ந்து கண்காணித்து, வழக்கு விழுந்ததும் ஓடிப்போய் மாற்று மனு போடுவது. கண்காணிக்கக் காசு இல்லாத சின்ன கம்பெனிக்கு இந்த வழி கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் 'எலிக்விஸ்' மாத்திரையால் பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களும் குடும்பத்தினரும் 2017-ல் டெலவேர் மாநில கோர்ட்டில் வழக்கு போட்டார்கள். பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப், ஃபைசர் இரண்டுமே அங்கே பதிவான கம்பெனிகள். டெலவேரில் மனு போட்ட கையோடு சம்மன் கொடுத்துவிட முடியாது, கோர்ட் அதை வழங்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கம்பெனிகள் வழக்கை ஃபெடரலுக்கு மாற்றிவிட்டன. நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போன வழக்குகள் தள்ளுபடியாகின. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2018-லேயே இன்னொரு வழக்கில் ஃபிலடெல்ஃபியா மேல்முறையீட்டு நீதிமன்றம், 'சட்ட வாசகம் அப்படித்தான் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும்' என்ற பொருளில் சொல்லிவிட்டது. சட்டப்படி சரிதான். ஆனால் வழக்கு போட்டவர் பக்கத்தில் நின்று பார்த்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே மைதானத்தை மாற்றின மாதிரிதான் தெரியும்.

பிரான்ஸ் வேறு கவலையில் இருந்தது. நீதிபதிகளின் பெயரை வைத்து அவர்கள் எப்படித் தீர்ப்பு சொல்வார்கள் என்று கணிப்பதை 2019-ல் குற்றமாக்கியது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

இந்தியாவில் இது நடக்குமா?

தகவல் சேகரிப்பு நம்மிடமும் பழசுதான். எதிராளி கோர்ட்டுக்குப் போகப்போகிறார் என்று மோப்பம் பிடித்து, 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே போடும் கேவியட் மனு வேறென்ன? சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின்படி அது 90 நாள் செல்லும்.

ஆனால் அந்தத் தகவலை வைத்துக் கட்சிக்காரரைத் தேடிப் போக முடியாது. வக்கீல்கள் விளம்பரம் செய்யவோ வழக்கு பிடிக்கவோ கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. ஆன்லைன் தளங்கள் வழியாக விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

ஆனால் பெரிய நிறுவனங்களுக்கு விளம்பரமே தேவையில்லை. எந்த கம்பெனிக்கு எத்தனை வழக்கு, எந்த கோர்ட்டில் என்று தெரிந்தாலே பழக்கத்தை வைத்துக் காய் நகர்த்தலாம். வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் கோர்ட்டில் வாதாடாத வேலைகளுக்கு இந்தியா வரலாம் என்று பார் கவுன்சில் 2025 மே மாதத்தில் திருத்திய விதிகளை வெளியிட்டிருக்கிறது. வருகிறவர்கள் இந்தப் பழக்கத்தோடுதான் வருவார்கள்.

நம்ம ஊரில் தகவலுக்குக் கட்டணமும் இல்லை. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகத்தைத் தேர்வு செய்து, வழக்காடுபவர் பெயரை அடித்தால் மாவட்ட நீதிமன்ற வழக்கு விவரம் வரும். உங்கள் பெயரைப் போட்டும் பார்க்கலாம்.