பாதரசம் வேண்டாம், ஒயில் போதும்

எங்கள் தீவுகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஒற்றைக் காபரேற்றர், சமப்படுத்த எதுவுமில்லை. ஹொண்டா சிபி125ரி போன்ற இரட்டைக் காபரேற்றர் வண்டியை வீட்டிலேயே சரிபார்ப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: இரு காபரேற்றர்களின் இழுவையைச் சமப்படுத்தப் பாதரச மானி வாங்காதீர்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மானி உடைந்தால் பாதரசம் எங்கே போய்ச் சேரும்?

ஊர்காவற்துறையில் என் முற்றத்தில் நான் பாவிப்பது நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் ரியூப்பும் கொஞ்சம் ரூ-ஸ்ரோக் ஒயிலும். ரியூப்பைப் பலகையில் 'ப'வைப்போல வளைத்துக் கட்டி, இரு முனைகளையும் இரு காபரேற்றர்களின் வெற்றிடத் துளைகளில் மாட்டுவேன். வால்வ் இடைவெளி முதலில் சரியாக இருக்கவேண்டும், எஞ்சின் சூடேறியிருக்கவேண்டும். இழுவை கூடிய பக்கம் ஒயில் ஏறும். காபரேற்றர்களுக்கு நடுவிலுள்ள ஸ்குறூவை மெல்ல மெல்லத் திருப்ப, மட்டம் ஒன்றாகும். எஞ்சின் சத்தமும் சீராகும். தப்பித்தவறி உள்ளே இழுபட்டாலும் ஒயில் புகைந்து போய்விடும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மண் இது. 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். காபரேற்றர்களைச் சமப்படுத்தி எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கத்தான் வேண்டும். அதற்காகக் கிணற்றைப் பணயம் வைக்காதீர்கள். உதிரிப்பாகக் கடைக்காரர்களே, பாதரச மானியைத் தீவுக்காரருக்கு விற்காதீர்கள்.