கோணல் பாதமும் தலைவிதியும்

ஆரணியில் பட்டு நெய்யும் தோழர், தறியில் இழை அறுந்துபோனால் "இழையின் தலைவிதி" என்று கைகட்டி உட்காருகின்றாரா? முடிந்துவிட்டு மேலே நெய்கின்றார். தம் குழந்தை பாதம் உட்பக்கம் திரும்பிப் பிறந்தால் மாத்திரம், தாய் கிரகணத்தில் வெளியே வந்த பலன் என்றும், பூர்வஜன்ம வினை என்றும் நம்புவானேன்? கிரகண பயமே இல்லாத தேசங்களிலும் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கின்றதே!

பிறந்த சில வாரங்களுக்குள் காட்டினால், டாக்டர் பொன்செட்டி முறைப்படி வாரம் ஒன்றாகப் போடும் ஐந்தாறு மாவுக்கட்டுகளிலும், குதிகால் நாணில் செய்யும் சிறு வெட்டிலும் பெரும்பாலும் பாதம் நேராகிவிடும். பிறகு நாலு வயது வரை இரவில் அதற்கென்றுள்ள பூட்ஸ் போடவேண்டும்.

தாயத்திலும் வேண்டுதலிலும் வருஷங்கள் கழிந்து, பாதம் இறுகிப்போன பிள்ளைக்கும் வழியுண்டு. சோவியத் நாட்டுக் குர்கான் நகரில் டாக்டர் இலிசரோவ் 1950களில் வகுத்த முறையில், மெல்லிய கம்பிகளை எலும்பில் செலுத்தி, வெளியே வளையங்களில் பூட்டி, தினம் சுமார் 1 மில்லிமீட்டர் திருகி, பாதத்தைச் சிறிது சிறிதாய்த் திருப்புகின்றார்கள். ஆனால் மாதக்கணக்கில் வலியும், கம்பி நுழைந்த இடத்தில் சீழும், பின்னர் விறைப்பும் வரக்கூடும். பெற்றோரின் மூடநம்பிக்கைக்குப் பிள்ளை கொடுக்கும் அபராதம் இதுதான்.

2013 முதல் நடக்கும் சர்க்கார் குழந்தை நலத் திட்டத்தில் இக்கோணலுக்கு இலவச சிகிச்சையுண்டு. ஆகவே ஜோசியன் வீட்டுக்குப் போகும் கால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். தறிக்குழியில் மிதி மிதிப்பதா, பள்ளிக்கூடம் போவதா என்பதைப் பிள்ளை பின்னால் தீர்மானித்துக்கொள்ளும். முதலில் அதற்கு நேரான கால் வேண்டும்.