சுழியம் எடுத்தவரை விற்பதா?

2019 ஏப்ரல் 13. டொராண்டோ ராப்டர்ஸ் அணி, என்பிஏ கூடைப்பந்தின் பிளேஆஃப் சுற்றில் தன் முதல் ஆட்டத்தைச் சொந்த அரங்கில் ஆடி, ஆர்லாண்டோ மேஜிக் அணியிடம் 104-101 என்று தோற்றது. மூன்றே புள்ளி வித்தியாசம். ராப்டர்ஸின் பாயிண்ட் கார்டு கைல் லௌரி அன்று ஏழு முறை கூடையை நோக்கி எறிந்தார். ஏழும் விழவில்லை. ஆட்டம் முடிந்தபோது அவர் பெயருக்கு எதிரே இருந்த புள்ளி சுழியம்.

மறுநாள் ஸ்கார்பரோவிலிருந்து நம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தமிழ் படித்துவிட்டுக் கனடா சென்று, அங்கே கூடைப்பந்துப் பித்துப் பிடித்து, நமக்கும் அதைத் தொற்றவைத்தவர். "ஐயா, இவரை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. ஒரு நாள் முப்பது எடுப்பார், மறுநாள் முட்டை போடுவார். பிப்ரவரியிலேயே யாருக்காவது கொடுத்திருக்க வேண்டும்" என்றார். அவர் குரலில் இருந்தது வெறும் கோபமன்று. பல ஆண்டுகள் நம்பி நம்பி ஏமாந்தவரின் களைப்பு.

அந்த வழக்கு அன்றோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில், வீரர்களைக் கைமாற்றுவதற்கான கெடு நெருங்கும்போது, ஏதோவோர் ஊரில் ஏதோவொரு பாயிண்ட் கார்டின் பெயரால் அது மீண்டும் எழுகிறது. ஊரும் பெயரும் மாறுகின்றன; வாதம் மாறுவதில்லை. நல்ல நாளில் இவருக்கு இணையில்லை, கெட்ட நாளில் இவராலேயே அணி கவிழ்கிறது, ஆகவே இவரை விற்றுவிட்டு நிதானமான ஒருவரைக் கொண்டுவாருங்கள் என்பதே அது. இந்த வாதம் பிழையானது என்பது நம் தரப்பு. லௌரி பிறகு வென்றுவிட்டார் என்பதற்காக அதைச் சொல்லவில்லை. அவர் சுழியம் எடுத்த அந்த இரவிலேயே அது பிழையாகத்தான் இருந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றுகளை முதலில் சொல்லிவிடுவதே விவாத அறம். 2015-இல் லௌரி முதன்முறையாக ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அதே வசந்தத்தில் வாஷிங்டன் அணி நான்குக்கு நான்கு என்று ராப்டர்ஸைத் துடைத்தெறிந்தது, லௌரியின் கை முற்றிலும் குளிர்ந்திருந்தது. 2016-இல் மயாமிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பதின்மூன்று எறிகளில் மூன்றுதான் விழுந்தன. அந்த மூன்றில் ஒன்று, ஆட்டநேரம் தீரும் கணத்தில் பாதிக்களத்திலிருந்து எறிந்து சமன்செய்தது! ஆனால் கூடுதல் நேரத்தில் அணி தோற்றது. அன்று நள்ளிரவு தாண்டியும், காலியான அரங்கில் அவர் தனியாக எறிந்து பழகிக்கொண்டிருந்தார் என்பது செய்தியாயிற்று. அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் எடுத்தவை 35 புள்ளிகள்! 2017, 2018 இரண்டாண்டும் கிளீவ்லாந்திடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் அணி வெளியேறியது. இத்தனையையும் கண்ட ஒருவர் சலிப்படைவதில் வியப்பில்லை. நாமும் சலித்திருக்கிறோம்.

ஆனால் சலிப்பு வேறு, மதிப்பீடு வேறு. பாயிண்ட் கார்டின் வேலை என்ன என்ற கேள்வியை விற்கும் கட்சி கேட்பதே இல்லை. பந்தை எட்டு நொடிக்குள் பாதிக்களம் கடத்தியாக வேண்டும். இருபத்து நான்கு நொடிக்குள் எறிந்தாக வேண்டும். எவருக்கு எந்த இடத்தில் பந்து பிடிக்கும், எதிரணியின் எவர் கால் தளர்ந்திருக்கிறார், இப்போது ஓடுவதா நிற்பதா என்றெல்லாம் அந்தச் சில நொடிகளில் முடிவெடுப்பவர் அவர். புள்ளி எடுப்பது அவர் வேலைகளில் ஒன்று மட்டுமே. எதிரணி தன் மிகக் கடுமையான காவலை அவர்மேல் ஏவுகையில், அந்த ஒன்று முதலில் அடிவாங்கும். எஞ்சியவை நிற்கின்றனவா என்பதே கேள்வி.

லௌரியிடம் அவை நின்றன. ஆறடி உயரமே உள்ள மனிதர், தம்மைவிட ஓரடி உயர்ந்தவர்கள் பாய்ந்து வரும் பாதையில் காலூன்றி நின்று, மார்பில் இடி வாங்கித் தரையில் விழுவார். நடுவர் எதிரணியின் பிழை என்று ஊதுவார். பந்து ராப்டர்ஸுக்கு வரும். அந்த விழுதலுக்குப் புள்ளி கிடையாது. மறுநாள் நாளிதழில் வரும் சுருக்கப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

இப்போது அந்தச் சுழிய இரவுக்குத் திரும்புவோம். புள்ளி எடுக்காத லௌரி அன்று எட்டு அசிஸ்ட் கொடுத்தார், ஏழு ரீபவுண்டு பிடித்தார். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் களத்தில் நிற்கும் நிமிடங்களில் மட்டும் அவர் அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடவோ குறையவோ எடுத்தது என்பதே அது. லௌரியின் கணக்கு அன்று 11 கூடுதல். மூன்று புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் இதன் பொருள் எளியது: அவர் களத்தில் இருந்தவரை ராப்டர்ஸ் வென்றுகொண்டிருந்தது, அவர் பெஞ்சில் அமர்ந்திருந்த நிமிடங்களில் பதினான்கு புள்ளிகளைப் பறிகொடுத்தது. ஒற்றை ஆட்டத்தின் இக்கணக்கை வேதவாக்காகக் கொள்ளலாகாது; உடன் ஆடியவர்களின் திறமும் அதில் கலந்திருக்கும். இருந்தாலும், தோல்விக்கு யார் காரணம் என்று நம் மாணவர் ஐயமின்றிக் கைகாட்டினாரோ, அவர் ஆடியபோதுதான் அணி முன்னணியில் இருந்தது. சுழியம் கண்ணை உறுத்தியது. பதினொன்று கண்ணில் படவே இல்லை.

அடுத்து, விற்றால் வருவது என்ன? ஐபிஎல் ஏலத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு என்பிஏவின் இந்த முறை சற்று அந்நியமானது. அங்கே வீரரின் ஒப்பந்தமே அணிக்கு அணி கைமாறுகிறது. பெரும்பாலும் அவர் சம்மதம் கேட்கப்படுவதில்லை. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளத்தையே பெறமுடியும். ஆகவே, உங்களுக்குச் சலித்துப்போன வீரருக்கு மாற்றாக, பெரும்பாலும் இன்னோர் ஊருக்குச் சலித்துப்போன வீரரே வருவார். விற்கும் கட்சியின் கற்பனையில் உள்ள அந்த 'நிதானமான ஒருவர்' சந்தைக்கு வருவதே இல்லை. அவரை வைத்திருப்பவர்கள் ஏன் விடப்போகிறார்கள்?

சான்சி பில்லப்ஸின் கதை இதற்குப் பாடம். 1997-இல் பாஸ்டன் அணி அவரை மூன்றாவது தேர்வாக எடுத்தது. ஐம்பத்தோர் ஆட்டங்களிலேயே பொறுமை இழந்து டொராண்டோவுக்குத் தள்ளிவிட்டது. டொராண்டோ டென்வருக்குத் தள்ளியது. அணி அணியாக அலைந்து 2002-இல் டெட்ராய்ட்டுக்கு வந்தார். 2004-இல் டெட்ராய்ட் சாம்பியன் ஆயிற்று. இறுதித் தொடரின் மிகச்சிறந்த வீரர் அதே பில்லப்ஸ். 2008 நவம்பரில் டெட்ராய்ட்டும் அவரை விற்றது. பதிலாக வந்தவர் ஆலன் ஐவர்சன், அக்காலத்தின் மாபெரும் புள்ளிவேட்டைக்காரர். ஐவர்சனின் முடியும் தறுவாயில் இருந்த ஒப்பந்தமும் அதற்கொரு காரணம்தான். விளைவு? அதுவரை ஆறாண்டு தொடர்ந்து கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்றை எட்டிய டெட்ராய்ட், 2009-இல் முதல் சுற்றிலேயே நான்குக்கு நான்கு தோற்றது. பிறகு 2016 வரை பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை. அணிக்கு வயதாகிவிட்டதும் காரணம் என்பர், மறுக்கவில்லை. ஆனால் பில்லப்ஸைப் பெற்ற டென்வர் அதே ஆண்டு மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்றில் ஆடியது. அவருக்கும் அப்போது முப்பத்திரண்டு வயது.

லௌரியே விற்கப்பட்டிருக்க வேண்டியவர்தான். 2013 டிசம்பரில் ராப்டர்ஸ் பெரும் சம்பளக்காரரான ரூடி கேயை அனுப்பிவிட்டு, அணியைக் கலைத்துக் கட்டும் நோக்கில் லௌரியையும் நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுக்க முனைந்தது. பேச்சு முடியும் தறுவாயில் நிக்ஸ் உரிமையாளர் ஜேம்ஸ் டோலன் பின்வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. ராப்டர்ஸ் தலைவர் மசாய் உஜிரியிடம் முன்பே இருமுறை வியாபாரம் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அச்சம் காரணம் என்றார்கள். விற்பனை நின்றது. அந்தப் பருவத்தை ராப்டர்ஸ் 48 வெற்றிகளோடு முடித்தது. அன்றுவரை அந்த அணி அத்தனை வென்றதில்லை. அடுத்தவரின் அச்சத்தால் தப்பிய சொத்து அது. உஜிரியின் தொலைநோக்கு என்று பின்னர் எழுதியவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இங்கே நம் மாணவர் குறுக்கிடுவார்: "ஐயா, 2018-இல் டிமார் டிரோசனை விற்றுக் காவாய் லெனர்டைக் கொண்டுவந்ததால்தானே வென்றார்கள்? அது வியாபாரம் இல்லையா?" நியாயமான கேள்வி. ஊரே நேசித்த வீரரை அனுப்பியதற்காக உஜிரி வெளிப்படையாக வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்தது. ஆனால் முடிவு பலித்தது. நாம் வியாபாரமே கூடாது என்பவர் அல்லர். டிரோசன் நிலையற்றவர் என்பதால் அனுப்பப்படவில்லை. அவரைவிடத் திட்டவட்டமாக மேலான ஒருவர் கிடைத்ததால் அனுப்பப்பட்டார். மேலானதைக் கண்டு கொடுப்பது வியாபாரம். கையிலிருப்பது கசக்கிறது என்று கொடுப்பது கோபம். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

விற்றேயாக வேண்டிய பாயிண்ட் கார்டு உண்டா? உண்டு. 2021 ஜூன் 20, ஃபிலடெல்ஃபியா, அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். மூன்றரை நிமிடமே மீதி, இரண்டு புள்ளி பின்தங்கல். பென் சிம்மன்ஸ் கூடைக்கு அடியில் நிற்கிறார். எழும்பிப் போட்டால் போதும். அவர் பந்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பிளேஆஃபில் அவருடைய ஃப்ரீ த்ரோ எறிகளில் மூன்றில் ஒன்றுதான் விழுந்திருந்தது. எறியவே அஞ்சும் நிலைக்கு வந்திருந்தார். அவர் மனநலத்தைப் பற்றிப் பின்னர் வந்த செய்திகளை அறிந்தபின் அவரைப் பழிக்க மனம் வரவில்லை. ஆனால் அணியின் நோக்கில், கூடையை விட்டு விலகிவிட்ட பாயிண்ட் கார்டு எதிரணியின் காவலர் ஒருவரைச் சும்மா விடுவித்துவிடுகிறார். உடன் ஆடும் நால்வரும் ஐவரை எதிர்கொள்ள நேர்கிறது. அதன்பின் சிம்மன்ஸ் அந்த அணிக்காக ஆடவே இல்லை. 2022 பிப்ரவரியில் புரூக்ளினுக்குப் போனார். பதிலாக ஜேம்ஸ் ஹார்டன் போன்ற பெரும் வீரர் வந்தும், அடுத்த இரண்டாண்டும் ஃபிலடெல்ஃபியா இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. விற்க நேர்ந்த இடத்திலும் விற்பனை மருந்தாகிவிடுவதில்லை.

ஆக, நாம் முன்வைக்கும் அளவுகோல் இது: தவறவிடுபவரை வைத்துக்கொள்ளுங்கள், எறிய மறுப்பவரைப் பற்றி யோசியுங்கள். லௌரி சுழியத்துக்குப் பிறகும் எறிந்தார். மூன்று நாள் கழித்து நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 22 புள்ளிகள். ராப்டர்ஸ் 111-82 என்று வென்றது. ஜூன் 13 அன்று ஓக்லாந்தில், இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், அணியின் முதல் எட்டுப் புள்ளிகளையும் அவரே எடுத்தார். மொத்தம் 26 புள்ளிகள், பத்து அசிஸ்ட். 114-110. கோப்பை முதன்முறையாக கனடாவுக்குச் சென்றது. தொடரின் சிறந்த வீரர் லெனர்ட்தான், அதில் மாற்றுக்கருத்தில்லை. அடுத்த மாதமே அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார் என்பதும் உண்மை.

அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவருக்காக இத்தனை நீளம் வாதாடுவதற்கு நமக்கொரு சொந்தக் காரணமும் உண்டு. நம் தொழிலிலும் ஆண்டுக்கொரு முறை மதிப்பெண் பட்டியல் போடுகிறார்கள். எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு. நம் துறையில் நண்பர் ஒருவர் இருந்தார். கட்டுரை எழுதுவதில் சீரில்லை. ஓராண்டு நான்கு, மறு ஆண்டு சுழியம். மாலையில் கல்லூரி விட்டபின், பின்தங்கிய பிள்ளைகளை மரத்தடியில் அமர்த்தி யாப்பும் இலக்கணமும் சொல்லிக்கொடுப்பார். அதற்குப் பட்டியலில் கட்டமில்லை. சுழியம் விழுந்த ஓராண்டில் அவரை வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள், மரத்தடி காலியாயிற்று. அடுத்த ஆண்டின் தேர்ச்சி குறைந்தபோது, காரணம் என்னவென்று கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள்.

ஸ்கார்பரோ மாணவர் அந்த மரத்தடியில் அமர்ந்தவர். சென்ற மாதம் பேசும்போது அதை நினைவூட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் கதை வேறு ஐயா, இது கூடைப்பந்து" என்றார். வேறில்லை என்பதே நம் வழக்கு. இன்னும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.